நீலக்குறிஞ்சிக்கு இட்ட மதிப்பெண்

ரமணாசிரமத்தை அடுத்த மலைச்சரிவில் ஒரு ஞாயிறன்று எங்கள் கல்லூரி மாணவர்கள் மரக்கன்றுகள் நட்டுக்கொண்டிருந்தனர். அப்போது ஒரு மாணவர், "ஐயா, நீலக்குறிஞ்சி அழிந்து வருகிறதாமே! அதையும் இங்கே நட்டுக் காப்பாற்றலாமே?" என்றார். நல்ல எண்ணந்தான். ஆனால் ஓர் இனத்தின் நிலையைக் குறிக்கும் சொல்லை நாம் எப்படிப் படிக்கிறோம் என்று சிந்திக்கவும் அது தூண்டியது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் சிவப்புப் பட்டியலைப் பேணி வருகிறது. 2024-இல் நீலக்குறிஞ்சிக்கு அதில் 'அழிய வாய்ப்புள்ளது' என்னும் தரம் கிடைத்தது. ஆபத்தைக் குறிக்கும் மூன்று படிகளில் இது முதற்படி.

இத்தரம் எவ்வாறு அளக்கப்பட்டது? செடிகளை ஒவ்வொன்றாக எண்ணி அன்று. வாழிடம் எவ்வளவு சுருங்கிச் சீர்கெட்டது என்பதைக் கொண்டு இனத்தின் குறைவைக் கணிப்பதே இங்கு பின்பற்றிய விதி. பத்து ஆண்டுகள், மூன்று தலைமுறைகள் ஆகிய இரண்டில் எது நீண்டதோ, அக்காலத்தில் 30 விழுக்காடாவது குறைந்திருந்தால் முதற்படி; 50 ஆனால் அடுத்த படி; 80 ஆனால் கடைசிப் படி.

இம்முறை பாராட்டத்தக்கதே. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து மடியும் செடி. பெரும் பூப்பு 2006-இலும் 2018-இலும் நிகழ்ந்தது; அடுத்தது 2030-இல். இத்தகைய செடிக்கு ஆண்டுக் கணக்கைவிடத் தலைமுறைக் கணக்கே பொருந்தும்.

எனினும் இரு குறைகள் உள்ளன. மூன்று தலைமுறை என்பது ஏறத்தாழ 36 ஆண்டுகள். அதாவது 1988-க்குப் பிற்பட்ட காலம். நீலகிரிப் புல்வெளிகள் தேயிலைத் தோட்டங்களாக மாறத் தொடங்கியதோ 19ஆம் நூற்றாண்டில். பின்னர்ச் சீகை, தைல மரத் தோப்புகள் பரவின. பானையில் பெரும்பங்கு தீர்ந்த பிறகு, மிச்சத்தில் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் கேட்பது போன்றது இக்கணக்கு.

இரண்டாவது, ஒரே சொல் எல்லா இடங்களுக்கும் பொதுவாகிவிடுகிறது. மதிப்பீட்டில் கண்ட 34 கூட்டங்களுள் 33 மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளன. கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது ஏற்காட்டில் உள்ள ஒன்றே. அது மறைந்தாலும் மொத்தத் தரம் மாறாமல் இருக்கலாம். நம் பக்கத்து மலைகளிலோ இவ்வினமே இல்லாது போகும்.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். அண்ணாமலையின் உயரம் ஏறத்தாழ 800 மீட்டர். நீலக்குறிஞ்சி 1,300 மீட்டருக்கு மேல் வளர்வது. அதைவிட முக்கியமானது வேறொன்று. மொட்டையாகிப்போன நம் மலைக்கு மரம் நடுவது மருந்து. குறிஞ்சி வாழும் புல்வெளியில் மரம் நட்டதோ அதன் வீட்டைப் பறித்தது. அங்கே அயல் மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்பதே பாதுகாப்பு. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் நீலக்குறிஞ்சியைப் பாதுகாக்கப்பட்ட செடிகளுள் சேர்த்துள்ளது. செடியைப் பிடுங்குவோரை அது தண்டிக்கும்; இழந்த புல்வெளியைத் தானே மீட்டுத் தராது.

ஆகவே 'அழிய வாய்ப்புள்ளது' என்று செய்தித்தாளில் படிக்கும் மாணவர்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எதை அளந்தார்கள்? எத்தனை ஆண்டுகளுக்கு? எந்த இடத்தில்? விடை தெரிந்த பிறகு மண்வெட்டியை எடுக்கலாம்.