ஆறிய பிறகே தெரியும் கைவண்ணம்

பச்சை குத்தி முடித்த கையோடு படமெடுத்துப் போடுவது இப்போதைய வழக்கம். தோல் தடித்துச் சிவந்திருக்க, நடுவில் கோடுகள் கன்னங்கரேலென்று மின்னும். அந்தப் படத்தை வைத்துக் குத்தியவரை எடைபோடக் கூடாது என்பது என் கட்சி. அந்தக் கறுப்பில் ஒரு பங்கு தங்கப்போவதில்லை. ஊசி மேல்தோலைக் கடந்து, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை விட வேண்டும். மேலேயே நின்ற மை சில வாரங்களில் செதிலோடு உதிரும்; கொழுப்புவரை இறங்கிய மை கோட்டைத் தாண்டி நீலமாகக் கசியும். மணிக்கட்டின் உட்புறத் தோல் மெல்லியது, முதுகுத் தோல் தடித்தது. அதற்கேற்பக் கையின் அழுத்தம் மாறியதா என்பது அன்றைக்குத் தெரியாது.

வலி ஓரளவு துப்புக் கொடுக்கும். கோடு இழுக்கும்போது வெயிலில் கன்றிய தோலை நகத்தால் கீறுவது போன்ற சுரீர். நிழல் நிரப்பும்போது பரவலான எரிச்சல். விலாவிலும் கணுக்காலிலும் எலும்புவரை இறங்கும் அதிர்வு. இவை எல்லாருக்கும் உண்டு. ஆனால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப உழும் கை கூடுதல் வலியையும் தரும், தழும்பையும் விடும். மரப்புக் களிம்பு வலியைக் குறைக்கும், கைப்பிசகைத் திருத்தாது.

பிறகு உடலின் முறை. முதல் சில நாள் நீர் கசியும். அப்புறம் தோல் இறுகி, பொருக்குக் கட்டி, தாங்க முடியாமல் அரிக்கும். பொருக்கைப் பிய்த்தால் அந்த இடத்தில் மையும் போய்விடலாம். இரண்டு மூன்று வாரத்தில் மேற்பரப்பு மூடினாலும் சில காலம் மங்கலாகவே தெரியும். உள்ளே, மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்கள் மைத்துகளைக் கிருமியைப் போலவே பிடித்துக்கொள்கின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. அந்தச் செல் இறந்தால் சிந்திய மையைப் பக்கத்துச் செல் விழுங்குகிறது என்று 2018இல் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் கண்டார்கள். நிலைத்திருப்பதாக நாம் நினைக்கும் சித்திரம் ஓயாத கைமாற்றம்.

அப்படியானால் கலைஞருக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். இந்தக் கைமாற்றத்தில் கோடு மெல்ல அகலும் என்பதை முன்கூட்டியே அறிந்து வரைவதுதான். தமிழ்நாட்டில் குறவர் பெண்கள் முதிய பெண்களின் முன்கையில் குத்திய கோலங்களைப் பாருங்கள். விளக்குக் கரியில் குழைத்த கறுப்பு மை, தோலுக்கடியில் பச்சையோடிக் கிடக்கும். புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருப்பதால், ஐம்பது வருடம் பரவியும் கோலம் கோலமாகவே இருக்கிறது. மயிரிழைக் கோட்டில் நெருக்கமாகக் குத்திய முகப்படத்துக்கு அந்த ஆயுள் கிடைப்பது கடினம்.

மங்கலைப் போய்க் கொண்டாடுவதா என்றால், இல்லை. மங்கினாலும் உருக் குலையாத அமைப்பைத்தான் மெச்சுகிறேன். பழைய முறை முழுவதையும் திருப்பிக் கொண்டுவரச் சொல்லவுமில்லை; பலருக்கும் ஒரே ஊசி என்பது மஞ்சள்காமாலைக் கிருமிக்கு வழிவிடும், அதில் ரசிக்க ஒன்றுமில்லை. குத்திக்கொள்ளப் போகிறவர் புது ஊசியா என்று பார்த்த கையோடு, ஐந்தாறு வருடம் ஆன வேலையின் படம் கேட்கட்டும். அதைக் காட்டத் தயங்குகிறவரிடம் முகப்படம் குத்திக்கொள்ள நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.