துறையும் திரையும்: தமிழ் மர்மப் படங்கள் பற்றிச் சுவைஞர் கூறுவன

தமிழ்த் திரைப்படம் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் இரு வழிப்பட்டன. ஒன்று, திரைப்படம் அரசியலுக்குப் பயன்பட்ட வகையை ஆராய்வது. மற்றொன்று, திரைப்பாடல்களின் இலக்கிய நயம் காண்பது. இரண்டும் வேண்டுவனவே. ஆயினும் இவ்விரு வழியிலும் அடங்காத படங்கள் பல உள. மர்மப் படம், துப்பறியும் படம், அச்சப் படம் என்றெல்லாம் மக்கள் பெயரிட்டு வழங்கும் பழைய படங்களைத் தமிழ்த்துறையினர் அருகியே நோக்கியுள்ளனர். இவற்றை இன்றளவும் மறவாது வைத்திருப்போர் அறிஞர் அல்லர், சுவைஞரே. பழைய படம் ஒன்றைத் தேடிக் கண்டு, கண்டதை நண்பரிடம் கூறி, அவர் மறுத்துரைப்பதைக் கேட்டு, மீண்டும் அப்படத்தைக் காணும் பழக்கமுடையோர் நம்மிடையே எங்கும் உளர். அவர்தம் கருத்துகளை ஏளனமாகத் தள்ளுதலும் தகாது; ஆராயாது கொள்ளுதலும் தகாது. இக்கட்டுரை எஸ். பாலசந்தர் இயக்கிய மூன்று படங்களைக் கொண்டு அக்கருத்துகளை எடைபோட முயல்கின்றது.

இப்புறக்கணிப்பு திரைப்படத்தில் தோன்றியதன்று. அச்சு நூல்களிலேயே தோன்றியது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் நாவல்களைத் தமிழ்மக்கள் ஒரு தலைமுறைக் காலம் விரும்பிப் படித்தனர். நாவல் இலக்கிய வரலாறு எழுதினோரிற் பலர் இவர்களை ஒரு பத்தியில், பெரும்பாலும் இரங்கற் குறிப்போடு, கடந்து செல்கின்றனர். ஆனால், பேசும்படம் வந்தபோது கதை தேடிச் சென்றோர் இவர்களிடமே சென்றனர். 1935-இல் 'மேனகா'வும் 'இராஜாம்பா'ளும், 1936-இல் 'சந்திரகாந்தா'வும், 1950-இல் 'திகம்பர சாமியா'ரும் இவ்வாறு திரைக்கு வந்தவை. எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றும் 'திகம்பர சாமியா'ரைப் பேசுகின்ற சுவைஞர், அறியாமலே, வடுவூராரின் வாசகர் மரபைத் தொடர்கின்றனர் எனலாம். இலக்கிய வரலாறு கைவிட்ட மரபு ஒன்று திரையரங்கின் இருளில் உயிர் பிழைத்திருந்தது. வரலாறு எழுதுவோர் இதனைக் கருத்திற் கொள்ளாமை வியப்புக்குரியது.

இனி, 'அந்த நாள்' என்னும் படத்தை நோக்குவோம். ஏ. வி. மெய்யப்பன் தயாரிப்பில், ஜாவர் சீதாராமன் எழுத்தில், 1954-இல் இது வெளிவந்தது. வணிகத்தில் வெற்றி பெறவில்லை. நடுவணரசின் தகுதிச் சான்றிதழ் பெற்றது. இராசன் என்னும் வானொலிப் பொறிஞன் சுடப்பட்டு வீழ்வதில் படம் தொடங்குகிறது. அவனாக நடித்தவர் சிவாஜி கணேசன். 'பராசக்தி' வெளிவந்து இரண்டாண்டுகூட நிரம்பாத நிலையில், தலைமை நடிகரைத் தொடக்கத்திலேயே பிணமாகக் காட்டுவதற்கு மிகுந்த துணிவு வேண்டும். காலம் இரண்டாம் உலகப்போர். 1943 அக்டோபரில் சப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய சூழல். துப்பறிவாளர் சிவானந்தம் வீட்டாரையும் அயலாரையும் வினவுகின்றார். ஒவ்வொருவரும் தாம் அறிந்த இராசனைப் பற்றிக் கூறுகின்றனர்.

இப்படத்தைப் போற்றும் சுவைஞர் எல்லோரும் முதலிற் கூறுவது, இதிற் பாட்டு இல்லை என்பதே. பாட்டும் ஆட்டமும் சண்டையும் இல்லாத முதல் தமிழ்ப்படம் என்பது இதற்கு நிலைத்துவிட்ட அடைமொழி. இயக்குநர் பின்னாளில் வீணையிற் பெரும்புகழ் எய்தியவர் என்பதால் இச்செய்தி மேலும் சுவையுடையதாகின்றது. இசைவாணர் ஒருவரே பாட்டை விலக்கினார் அன்றோ! எனினும், இல்லாத ஒன்றைக் கொண்டு ஒரு கலைப்பொருளின் சிறப்பை நிறுவுதல் இயலாது. பாட்டில்லாமலும் ஒரு படம் தாழ்ந்ததாக இருத்தல் கூடும். 'முதல்' என்பது வரலாற்றுச் செய்தி. அது திறனாய்வு அன்று. இவ்வேறுபாட்டைச் சுவைஞர் பலர் கருதுவதில்லை. நம் மாணவரும் இதில் அவரினும் பெரிதும் மேம்பட்டவர் அல்லர்.

அடுத்துக் கூறப்படுவது, இஃது அகிரா குரோசாவாவின் 'ராசோமோ'னைத் தழுவியது என்பது. 1952-இல் இந்தியாவில் நடந்த பன்னாட்டுத் திரைப்பட விழாவில் அச்சப்பானியப் படம் காட்டப்பட்டது. அதன் தாக்கம் பாலசந்தரிடம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், இரண்டின் அமைப்பும் ஒன்றன்று. 'ராசோமோ'னில் நிகழ்ச்சி ஒன்று. அதனைக் கூறுவோர் கூற்றுகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. உண்மை எது என்பது துணியப்படாமலே நிற்கின்றது. 'அந்த நா'ளிலோ மாறுபடுவது கொலை நிகழ்ச்சி அன்று; கொலையுண்டவனின் இயல்பே. இவ்வகையில் ஆந்தனி ஆஸ்குவித் இயக்கிய 'தி உமன் இன் குவெஸ்சன்' என்னும் 1950-ஆம் ஆண்டு ஆங்கிலப் படமே இதற்கு நெருங்கிய உறவு. அதில் இறந்துபட்ட பெண்ணொருத்தி அவளை அறிந்தவர் வாயிலாக வெவ்வேறு உருவில் தோன்றுகிறாள். இத்தொடர்பைச் சுட்டிக்காட்டியோரும் சுவைஞரே என்பதை மறத்தல் நன்றன்று.

இங்கே அகப்பொருள் பயின்றார்க்கு ஒன்று புலப்படும். தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணிய உறுப்புகளுள் கூற்று, கேட்போர், முன்னம் என்பன உள. ஓர் அகப்பாட்டை நாம் படிக்கும்போது முதலில் வினவுவது, இது யார் கூற்று, யாரை நோக்கியது என்பதே. தலைவி கூறும் தலைவன் வேறு. தோழி கூறும் தலைவன் வேறு. பரத்தை கூறும் தலைவன் முற்றிலும் வேறு. இவர்களுள் எவர் சொல்லையும் பொய் என்று நாம் தள்ளுவதில்லை. எவர் சொல்லையும் முழு உண்மை என்று கொள்வதுமில்லை. கூறுவாரின் நிலையே கூறப்படும் பொருளுக்கு எல்லை வகுக்கின்றது. 'அந்த நாள்' இந்நெறியிலேயே இயங்குகின்றது. அயல்வீட்டுச் சின்னையா கூறுவது கண்டோர் கூற்றுப் போல்வது. கண்டதினும் கேட்டதும் ஊகித்ததும் அதில் மிகுதி. தம்பி பட்டாபியின் இராசன் பொருட்பங்கு தர மறுக்கும் கடுந்தமையன். ஆசைநாயகி அம்புஜம் காட்டுபவன் இன்னொருவன். மனைவி உஷாவின் கூற்றில் அவன் அறிவும் காதலும் மிக்க இளைஞன். இவர்கள் எல்லோரையும் கேட்கும் கேட்போன் ஒருவன், துப்பறிவாளன். அவனுக்கேற்பவே ஒவ்வொருவர் மொழியும் ஒடுங்கியும் விரிந்தும் அமைகின்றது. இறுதியில் வெளிப்படுவது, இராசன் தன் அறிவியல் முயற்சி போற்றப்படாத சினத்தால் நாட்டின் மறைபொருளைப் பகைவர்க்கு விற்றவன் என்பதும், அவனைக் கொன்றவள் மனைவியே என்பதும் ஆகும். எனவே, தலைவி கூற்றே யாவற்றினும் மிகுதியாக மறைத்த கூற்று என அறிகின்றோம். முதன்முறை அன்பின் நினைவாக ஒலித்த சொற்கள் மறுமுறை காணும்போது வேறு பொருள் தருகின்றன. பண்டரிபாயின் அடங்கிய நடிப்பை இரண்டாம் முறை கண்டார் வியப்பது இதனாலேயே. பாலசந்தரோ சீதாராமனோ தொல்காப்பியத்தை எண்ணி இவ்வாறு அமைத்தனர் என்று யான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது நம் துறையினர்க்குரிய ஒரு பழைய நோய். படத்தை அளப்பதற்கு நம்மிடம் உள்ள கருவி, அயலாரிடம் கடன் வாங்கும் கருவியினும் நுண்ணியது என்பதே யான் கூறக் கருதியது.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மர்மப் படங்கள் ஒரே வாய்பாட்டின என்பது அறிஞர் கூறும் குறை. கொலை, ஐயம், வினா, வெளிப்பாடு என்று எல்லாம் ஒன்றுபோல் இருத்தலால் அவற்றிற் கலைக்கு இடமில்லை என்பர். துறை என்னும் கோட்பாட்டை வகுத்த மொழியினர் இவ்வாறு கூறுவது பொருந்துமா? பரத்தையிற் பிரிந்து வந்த தலைவனுக்குத் தோழி வாயில் மறுக்கும் பாடல்கள் எத்தனை! துறை ஒன்றாதலால் அவற்றை ஒன்றே என்று எவரும் கூறுவதில்லை. துறை ஒன்றாதலாலேயே புலவர்தம் வேறுபாடு விளங்குகிறது என்கிறோம். அம்முறையை மர்மப் படத்துக்கு மட்டும் மறுத்தல் நடுநிலை ஆகாது.

1964-இல் வந்த 'பொம்மை' இக்கருத்துக்கு அரண் செய்யும். அதில் மறைபொருள் என்று ஒன்றுமில்லை. பொம்மையினுள் வெடிகுண்டு உள்ளது என்பது காண்போர்க்குத் தெரியும்; அதனைக் கையில் ஏந்துவோர்க்குத் தெரியாது. அப்பொம்மை கைமாறிக் கைமாறிச் செல்கின்றது. மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நிலைக்களனாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினைக் கூறும். பொம்மை இந்நான்கனுள் எதுவும் அன்று. அஃது உவகைக்குரிய பொருள். ஆயினும் அதனைக் கண்டு நாம் அஞ்சுகின்றோம். காரணம், பொருள் அன்று, நம் அறிவு. பாத்திரம் அறியாததை நாம் அறிந்திருத்தலால் விளையும் அச்சம் இது. சுவைஞர் இப்படத்தைப் பற்றிக் கூறும்போது, இறுதியிற் கலைஞரையும் தொழில்நுட்பத்தாரையும் இயக்குநரே திரையில் அறிமுகப்படுத்தும் புதுமையையும், யேசுதாசின் பாட்டையும் பெரிதும் நினைவுகூர்வர். அவை இனியனவே. என் கருத்தில் படத்தின் நடுப்பகுதி நீண்டுவிட்டது. பொம்மை திரையில் இல்லாத காட்சிகளில் அச்சமும் இல்லை. இக்குறையைச் சுவைஞர் அன்பினால் பொறுக்கின்றனர்.

அன்பினாற் பொறுத்தல் 'நடு இரவில்' என்னும் படத்தில் எல்லை கடக்கின்றது. அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவல் ஒன்றைத் தழுவி எடுக்கப்பெற்ற இப்படம் முடிந்தபின்பும் சில ஆண்டுகள் வெளிவராதிருந்து, 1970-இல் வந்தது. தனித்த மாளிகையில் உறவினர் ஒருவர்பின் ஒருவராக இறக்கின்றனர். இதனைப் பாலசந்தரின் முடிமணி என்பாரும் உளர். அவ்வாறு கொள்ளுதற்கில்லை. முன்னைய படத்தில் ஒவ்வொருவர்க்கும் ஒரு கூற்று இருந்தது. இங்கே பாத்திரங்கள் சாவதற்கென்றே வந்தவர்கள். எனினும், அறைகளின் இருளையும் மழையொலியையும் அமைதியையும் இயக்குநர் ஆளும் திறம் தனியே ஆராயத்தக்கது.

ஆராய்வதற்குப் படப்படிகள் வேண்டும். 1931-இல் வந்த 'காளிதாஸ்' இன்று நமக்குக் கிட்டவில்லை; தமிழின் ஊமைப் படங்கள் ஏறக்குறைய முழுதும் அழிந்தன. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் நிறுவப்பட்டதே 1964-இல்தான். அதற்கு முன்னும் பின்னும் எப்படம் பிழைக்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது, அதனை மீண்டும் காண விழைவார் உளரா என்னும் வினாவே. மர்மப் படத்துக்கு அவ்வாறு விழைந்தோர் சுவைஞர். ஃபிலிம் நியூஸ் ஆனந்தனும் ராண்டார் கையும் திரட்டியும் எழுதியும் வைத்த செய்திகளே இன்று ஆய்வாளர்க்கும் முதற்சான்று. இருவரும் பல்கலைக்கழகத்தார் அல்லர். முதுகலை மாணவர் இத்துறையில் ஆய்வு மேற்கொள்வராயின், நாவல்களும் அவற்றின் படங்களும் இரண்டும் கிட்டுகின்ற 'திகம்பர சாமியா'ரிலிருந்து தொடங்கலாம்.