ஏடும் பட்டியலும்

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள திருக்குர்ஆன் தோலேடுகள் இரண்டை இன்று நாம் இல்லத்திலிருந்தே இணையத்தில் கண்குளிரக் காணலாம். கஹ்பு, மர்யம், தாஹா சூராக்களின் திருவசனங்கள் ஹிஜாஸி எழுத்தில் தெளிவாகத் தெரிகின்றன. பாராட்டத்தக்க கொடைதான்.

ஆயினும் ஒன்று நம்மை உறுத்துகிறது. 1920களில் அல்போன்ஸ் மிங்கானா திரட்டிய சுவடிகளைச் சேர்ந்த இவ்வேடுகள், பிற்காலப் பிரதியொன்றின் ஏடுகளோடு தவறாகச் சேர்த்துக் கட்டப்பட்டு, பல்லாண்டுகள் ஒரே சுவடியாகவே கருதப்பட்டு வந்தன. இத்தாலிய ஆய்வாளர் அல்பா ஃபெதெலி எழுத்தமைதியைக் கூர்ந்து நோக்கிய பின்னரே அவை வேறெனத் தெளிவாயிற்று. தோலின் காலம் கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டதென 2015இல் அறிவித்தார்கள். (தோலின் காலமே அது, எழுதிய காலத்தை அச்சோதனை காட்டாது.)

படம் பிடித்து இணையத்தில் ஏற்றுவதோடு நூலகத்தின் கடமை முடிந்துவிடுமா? தேடுவோருக்கு அகப்படுவது பட்டியலாசிரியர் எழுதிவைத்த குறிப்பே. ‘பெயரறியா அரபுச் சுவடி’ என ஒற்றை வரியில் அவர் முடித்துவிட்டால், நம் முன்னோரின் அரபுத்தமிழ்க் கிதாபொன்று அப்பெயருக்குள் ஒளிந்திருந்தாலும் நாம் அதை எவ்வாறு கண்டெடுப்பது?