அமுது படையல்

சோழநாட்டுக் கடற்கரைப் பதியாகிய காரைக்காலில், ஆனித்திங்கள் நிறைமதியையொட்டி நிகழும் மாங்கனித் திருவிழாவிற் பிச்சாடனப்பெருமான் வீதியுலா வருவதும், அடியார்கள் மாங்கனிகளை இறைப்பதும் பலரும் அறிந்தவை. உலா அம்மையார் கோயிலை அணைந்தபின் பெருமானுக்கு அன்னமும் கனியும் படைக்கும் நிகழ்ச்சிக்கு 'அமுது படையல்' என்பது பெயர். அவ்விழாவின் உயிர்நிலை இச்சொற்றொடரின்கண்ணே அமைந்துள்ளது.

'அமுது' வடமொழி 'அமிர்த'த்தின் திரிபென்பர். சாவாமருந்தெனப் பொருள்படும் இது தமிழ்வழக்கிற் சோற்றுக்கும் பெயராயிற்று. சோழர் கல்வெட்டுக்கள் கோயில் நிவந்தங்களைக் கூறுமிடத்துக் கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது எனப் பொருள்தோறும் இதனைச் சேர்த்து வழங்கும். 'அமுது செய்தல்' சமைத்தலன்று. பெரியோர் உண்டலைக் குறிக்கும். பிறரை உண்பித்தல் 'அமுது செய்வித்தல்' எனப்படும். இவ்வழக்குக் கோயிலில் எழுந்தருளிய இறைவனுக்கும் வாயிலில் வந்த அடியவர்க்கும் ஒப்ப உரியது. படைத்தலும் அத்தன்மைத்தே; தெய்வத்திற்கு நிவேதித்தலையும் விருந்தினர்க்கு இலையில் இடுதலையும் அச்சொல் ஒருங்கே உணர்த்தும்.

ஈண்டு ஓர் ஐயம் நிகழும். சேக்கிழார் பெருமான் கூறும் வரலாற்றிற் புனிதவதியார் மனைக்கு வந்தவர் பசித்த சிவனடியார் ஒருவரே. கறியமுது ஆகுமுன் வந்த அவர்க்குக் கணவன் பரமதத்தன் விடுத்த இரு கனிகளுள் ஒன்றைச் சோற்றுடன் இட்டு அம்மையார் பசி தீர்த்தனர். விழாவிலோ வருபவர் சிவபெருமான். இது புராணத்தோடு முரணாதோ எனின், முரணாது. சிவஞானபோதத்து 12-ஆம் சூத்திரம் மெய்யன்பர் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுமாறு விதித்தது. அடியார்க்கு இட்டது அரனுக்கு இட்டதேயாம் என்னும் அக்கொள்கையை விழா கண்கூடாக்குகின்றது.

எனினும் இவ்வொற்றுமையை ஒருபாற் சாய்த்துக் கொள்ளுதல் பிழையாம். படையல் என்றவுடன் திருவுருவின்முன் வைத்தெடுக்கும் நிவேதனமொன்றே நினைக்கப்படுமாயின், அச்சொல் பாதிப்பொருளை இழந்துவிடும். அம்மையார் கனி கொடுத்த பொழுது முன்னின்றது திருவுருவன்று, பசி. கணவன் பின்னொரு கனி கேட்ப, இறைவனருளால் அவர் கையில் வந்த அற்புதக்கனியும் அவ்வீகையின் பின்னர் எழுந்ததே. அடியாரை அமுதுசெய்விக்கும் மாகேசுரபூசையைச் சைவர் சிவபூசையின் நிறைவாகக் கொண்டதும் இக்கருத்துப் பற்றியே. ஆதலின், விழாக் காணச் செல்வோர் தமக்கு ஒரு கனி கிடைத்ததென்று மகிழ்வதோடமையாது, பசித்து வந்தார் ஒருவர்க்கேனும் அன்னமிடுவாராயின், அமுது படையல் என்னுஞ் சொல் தன் முழுப்பொருளோடு வழங்கியதாகும் என்க.