விண்டோஸ் எக்ஸ்பியும் இன்றைய வைஃபையும்: குறை யார் மேல்?

பழைய விண்டோஸ் எக்ஸ்பி லேப்டாப்பை இன்றைய வைஃபையில் இணைப்பது எப்படி என்று தேடினால் மூன்று பதில்கள்தான் திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன. ஒன்று, "அதெல்லாம் ஆகாது, தூக்கிப் போடுங்க." இரண்டு, "ரவுட்டர்ல பாதுகாப்பை டபிள்யூஇபிக்கு மாத்துங்க." மூன்று, "லினக்ஸ் போடுங்க." மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் இணைப்பு எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதை மூன்றுமே சொல்வதில்லை. நோயைப் பார்க்காமல் மருந்து எழுதுகிற கதைதான் இது.

அறுந்துபோகும் இடங்கள் மூன்று. முதலாவது ரேடியோ. அந்தக் கால வைஃபை கார்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்தவை. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடினால் லேப்டாப்புக்கு அந்தப் பெயரே தெரியாது. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த கார்டாக இருந்தால் 1 முதல் 11 வரையுள்ள சேனல்கள்தான் தெரியும்; ரவுட்டர் 12 அல்லது 13-ல் போய் உட்கார்ந்தால் அதோடு சரி. சேனலை 1, 6, 11-ல் ஒன்றாக நிறுத்தி வைத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

இரண்டாவது பூட்டு. எக்ஸ்பி 2001-ல் வந்தபோது அதற்குத் தெரிந்தது டபிள்யூஇபி மட்டுமே. அதே 2001-ல்தான் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் அந்தப் பூட்டு எவ்வளவு பலவீனம் என்று காட்டினார்கள். பிறகு 2003-ல் டபிள்யூபிஏ, 2004-ல் டபிள்யூபிஏ2. மைக்ரோசாஃப்ட் 2005-ல் டபிள்யூபிஏ2-வுக்கு ஒரு தனி அப்டேட் கொடுத்தது. 2008-ல் வந்த சர்வீஸ் பேக் 3-ல் அது உள்ளேயே சேர்ந்துவிட்டது. ஆக, "எக்ஸ்பி ஆகாது" என்பது பாதிப் பொய். சர்வீஸ் பேக் 3 இருந்து, கார்டும் அதன் டிரைவரும் ஏஇஎஸ் குறியாக்கம் தெரிந்தவையாக இருந்தால், சாதாரண டபிள்யூபிஏ2 ரவுட்டரில் இணையும். 2018-ல் வந்த டபிள்யூபிஏ3 மட்டும் வைத்த ரவுட்டரில் இணையாது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிற இடம். அப்டேட் இல்லாத எக்ஸ்பியில் சரியான பாஸ்வேர்டை அடித்தால், பாஸ்வேர்டு 40 பிட் அல்லது 104 பிட் இருக்க வேண்டும், 5 அல்லது 13 எழுத்தாக அடிக்கலாம் என்கிற மாதிரி ஒரு பெட்டி வரும். அது டபிள்யூஇபி சாவியின் அளவு. பூட்டு வேறு, தனக்கு அது தெரியாது என்று சொல்ல வேண்டிய கணினி, "நீ அடித்த சாவிதான் தப்பு" என்கிறது. பயனர் என்ன செய்வார்? திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பார். கடைசியில் அந்தப் பெட்டி சொன்னபடியே ரவுட்டரை டபிள்யூஇபிக்கு மாற்றுவார். இரண்டாவது அறிவுரை பிறந்ததே இந்தப் பிழைச்செய்தியின் வயிற்றில்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குக் கொடுக்கும் விலை என்ன? டபிள்யூஇபியை இன்றைக்கு இலவச மென்பொருளை வைத்தே சில நிமிடங்களில் உடைக்கலாம். வங்கிச் செயலி ஓடும் போன், வீட்டுக் கேமரா எல்லாம் அதே வைஃபையில்தானே இருக்கு? இன்னொன்றும் உண்டு. 802.11என் தரம் டபிள்யூஇபியோடு தன் முழு வேகத்தைத் தருவதில்லை. மற்ற கருவிகளும் 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஒரு கிழட்டு லேப்டாப்புக்காக வீடு முழுக்கக் கதவைத் திறந்து வைப்பது நியாயமா?

மூன்றாவது இடத்தைப் பற்றி இந்த அறிவுரைகள் பேசுவதே இல்லை. வைஃபை இணைந்த பிறகும் இணையதளம் திறக்காது. எக்ஸ்பியோடு வந்த டிஎல்எஸ் 1.0-வோடு நின்றுவிட்டது, முக்கிய பிரவுசர்கள் 2020-ல் அதைக் கைவிட்டன. ஃபயர்பாக்ஸ் 52 இஎஸ்ஆர் தனக்கென்று சொந்த டிஎல்எஸ் வைத்திருப்பதால் சில தளங்கள் திறக்கும். மதர்போர்டு பேட்டரி செத்துப்போய் தேதி 2002 என்று காட்டினால் அதுவும் கிடையாது. சான்றிதழ்கள் எல்லாம் தப்பாகவே தெரியும். முதலில் தேதியைச் சரிசெய்யுங்க.

லினக்ஸ் ஆலோசனை நல்லதுதான். ஆனால் 32-பிட் கணினிகளைப் பல லினக்ஸ்களும் விட்டுவிட்டன. டெபியன்கூட 2025-ல் வந்த 13-ஆம் பதிப்பில் அதற்கான நிறுவலை நிறுத்திவிட்டது. அதைவிட முக்கியம், எக்ஸ்பியில் மட்டும் ஓடுகிற மென்பொருளுக்காகத்தான் பலர் அந்தக் கணினியை வைத்திருக்கிறார்கள். அதை அழித்துவிட்டு இணையம் கிடைத்து என்ன பயன்?

அப்போ என்னதான் செய்வது? கேள்வியை மாற்றிக் கேட்கணும். எக்ஸ்பிக்கு இணையம் வேணுமா, இல்லை அதில் இருக்கும் கோப்புகள் வெளியே வரணுமா?

கோப்புகள்தான் என்றால் வைஃபையே வேண்டாம். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் போதும். நெட்வொர்க் வழியே பகிரலாம் என்று போனால் அங்கேயும் ஒரு சுவர்: எக்ஸ்பி பேசுவது எஸ்எம்பி 1, விண்டோஸ் 10 அதை 2017-லிருந்து புதிய நிறுவல்களில் சேர்ப்பதில்லை. அதே 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது அந்த வழியாகத்தான் என்பதால், கோப்புக்காக அதைத் திரும்ப இயக்க வேண்டாம்.

தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்துக் கோப்புகள் பலவும் யூனிகோடில் இல்லை. பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று ஏதோ ஒன்றில் இருக்கும். கோப்பை மட்டும் எடுத்தால் புதுக் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்க. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நெட்வொர்க்கே வேணும் என்றால், கிளையன்ட் மோடு உள்ள ஒரு சின்ன ரவுட்டரை வாங்கி, அது வைஃபையில் இணையட்டும். அதிலிருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிள். புதிய பூட்டைத் திறக்கும் வேலை ரவுட்டருடையது. எக்ஸ்பிக்குத் தெரிவது வெறும் கம்பி. அந்த ரவுட்டரையும் கெஸ்ட் நெட்வொர்க்கில் போடுங்க. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்துவிட்டது, அதனால் மற்ற கருவிகளோடு அதைச் சேர்த்து உட்கார வைக்க வேண்டாம். வங்கி, மின்னஞ்சல் எதையும் அதில் திறக்காதீங்க.

ஒரு இயங்குதளம் பழசாவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் "எனக்கு இது தெரியாது" என்று நேர்மையாக ஒரு வரி எழுத 2001-லேயே முடிந்திருக்கும். இன்றைக்கு நாம் எழுதுகிற மென்பொருளுக்கும் 20 வருடம் கழித்து இதே நிலைமை வரும். தெரியாத ஒன்றைச் சந்திக்கும்போது அது பயனரைக் குறை சொல்லப் போகிறதா என்று நாம் இப்போதே பார்த்துக்கொள்ளலாம்.