நீல-வெள்ளைப் பாண்டங்கள்: இஸ்லாமியக் கலையில் கொடுக்கல் வாங்கல்

இஸ்லாமியக் கலை என்பது, கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் இஸ்லாமியர் ஆண்ட அல்லது பெருமளவில் வாழ்ந்த நிலப்பகுதிகளில் உருவான கட்டடக்கலை, ஓவியம், எழுத்தணிக்கலை, மட்பாண்டம், நெசவு முதலியவற்றைக் குறிக்கும் பொதுப்பெயர். இப்பெயரை அக்காலக் கலைஞர்கள் இடவில்லை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்களாலும் சேகரிப்பாளர்களாலும் பரவிய பெயர் இது. ஸ்பெயின் முதல் இந்தோனேசியா வரையிலான ஆக்கங்களை ஒரே பெயருக்குள் அடக்கலாமா என்னும் கேள்வி இன்றும் தீரவில்லை. நீல-வெள்ளைப் பாண்டங்களின் வரலாறு அக்கேள்வியை ஆராய ஏற்ற சான்றாகும்.

பஸ்ராவின் விடை

9ஆம் நூற்றாண்டில் சீன வெண்பாண்டங்கள் கடல்வழியாக அப்பாசிய நாட்டை அடைந்தன. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட கப்பல் இவ்வணிகத்தின் அளவைக் காட்டுகிறது. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அக்கப்பலில் ஏறத்தாழ 60,000 சீனப் பாண்டங்கள் இருந்தன.

ஈராக்கின் பஸ்ரா நகரக் குயவர்களிடம் பீங்கானுக்குரிய வெண்களிமண் இல்லை. எனவே அவர்கள் தம் சாதாரண மண் கிண்ணத்தின் மேல் வெள்ளீயம் கலந்த வெண்ணிற மெருகைப் பூசினர். அதன்மீது கோபால்ட் நீலத்தால் இலைகளையும் அரபு எழுத்துகளையும் தீட்டினர். சில கிண்ணங்களில் செய்தவர் பெயரும் உண்டு. இதை வெறும் போலி எனத் தள்ளுவது பிழை. கிடைக்காத பொருளுக்கு மாற்றுத் தேடும் முயற்சி ஒரு புதிய தொழில்நுட்பத்தையே பிறப்பித்தது. இம்மெருகு பின்னர் ஸ்பெயின் வழியே இத்தாலிக்கும் நெதர்லாந்துக்கும் பரவியது.

சீனத்தில் ஈரானிய நீலம்

14ஆம் நூற்றாண்டில் ஓட்டம் திசைமாறியது. மங்கோலியரின் யுவான் ஆட்சியில், ஈரானிலிருந்து வந்த கோபால்ட்டைக் கொண்டு ஜிங்டெஜென் சூளைகள் நீல-வெள்ளைப் பீங்கான்களைச் செய்தன. பலர் சூழ்ந்துண்ணும் மேற்காசிய வழக்கத்திற்கேற்ப அகன்ற தட்டுகளும் அங்கே உருவாயின. மிங் பேரரசர் செங்டே காலத்துப் (1506–1521) பீங்கான்கள் சிலவற்றில் அரபு, பாரசீக எழுத்துகள் உள்ளன. ஈரானின் அர்தபில் நகரத் திருத்தலத்திற்கு முதலாம் ஷா அப்பாஸ் 1,000க்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களை 1611இல் வழங்கினார். "சீனத்துக்கே உரியது" என்று இன்று உலகம் கருதும் நீல-வெள்ளை, இவ்வாறு இரு நிலங்களின் கூட்டு ஆக்கமாகும்.

பரிமாற்றமும் வன்முறையும்

இவ்வரலாற்றை இனிய கலப்பாக மட்டும் சொல்வது அரைகுறையானது. தைமூர் தாம் வென்ற நகரங்களின் கைவினைஞர்களைச் சமர்கந்துக்குக் கொண்டு சென்றார். 1514ஆம் ஆண்டுச் சால்திரான் போருக்குப் பின் உதுமானிய சுல்தான் முதலாம் செலிம் தப்ரீஸ் நகரக் கலைஞர்களை இஸ்தான்புல்லுக்குக் கொண்டுசென்றார். இஸ்னிக் நகரச் சூளைகள் சீன நீல-வெள்ளையிலிருந்து தொடங்கி, 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒளிரும் சிவப்பைச் சேர்த்துத் தமக்கெனத் தனிப் பாணியை அடைந்தன. 1557இல் நிறைவுற்ற சுலைமானியா பள்ளிவாசலின் ஓடுகளில் அதைக் காணலாம். வணிகம், அரசவையின் விருப்பம், போர் ஆகிய மூன்றும் கலைப் பாணிகளை இடம்பெயர்த்தன.

பெயர் குறித்த விவாதம்

"இஸ்லாமியக் கலை" என்ற பெயர் சில தவறான முடிவுகளுக்கு இட்டுச் செல்கிறது. இக்கலையில் மனித உருவமே இல்லை என்பது அவற்றுள் ஒன்று. பள்ளிவாசல்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும் இக்கூற்று, ஜோர்தானின் குசைர் அம்ரா மாளிகையின் 8ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களுக்கோ பாரசீக நூலோவியங்களுக்கோ பொருந்தாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2011இல் திறந்த காட்சிக்கூடங்களுக்கு அரபு நிலங்கள், துருக்கி, ஈரான், நடு ஆசியா, பிற்காலத் தெற்காசியா எனப் பகுதிகளின் பெயரையே சூட்டியது.

எனினும் நிலப்பெயர்களும் முழுத் தீர்வாகா. ஈரானிய நீலம் பூசி, சீனச் சூளையில் வெந்து, அரபு எழுத்துத் தாங்கிய ஒரு தட்டை எந்த நாட்டின் பெயரில் அடுக்குவது? அரபு எழுத்து, வடிவியல் அணி, வணிக வழிகள் ஆகியவை பல நிலங்களை இணைத்தன என்பதும் உண்மை. ஆகவே பொதுப்பெயரை ஒரு தொடக்கக் குறிப்பாகக் கொண்டு, ஒவ்வொரு பொருளையும் அதன் மண், நிறம், சூளை, வாங்கியோர் ஆகியவற்றின் வழியே ஆராய்வதே தகுந்த முறை எனலாம்.