கோபுரமும் டவரும்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போகிறீர்களா? நடராஜர் கோயில் கோபுரத்துக்கு முன்பே வயல்களில் டவர்கள் தெரியும். நெய்வேலி இருக்கிற மாவட்டம், கேட்பானேன்! ‘கண்ணராவி’ என்பார் பக்கத்து ஸீட்காரர்.

‘பைலான்’ என்ற கிரேக்க வார்த்தைக்கு வாசல் என்று அர்த்தம். எகிப்தியக் கோயில் முகப்புக்கும் அதே பெயர். அதாவது, நம்ம கோபுரம்!

இதைப் பற்றி 1933-ல் கவிதை எழுதிய ஸ்டீஃபன் ஸ்பெண்டர் எதிர்காலத்தைப் பார்த்தார். ஆனால், தூரத்திலிருந்து. எனக்குப் பிடித்தது சத்யஜித் ரேதான். ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) துர்கா கம்பத்தில் காதை வைத்து ரீங்காரம் கேட்கிறாள். ரயிலெல்லாம் அப்புறம். அழகா, அசிங்கமா? ரே தீர்ப்புச் சொல்லவில்லை.

அதைவிடக் கிட்டத்தில் இருப்பவர் நிலத்துக்காரர். அவரிடம் யாரும் அழகு பற்றிக் கேட்பதில்லை. நாலு காலையும் சுற்றி டிராக்டரை வளைத்து ஓட்டுகிறார். கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது.